மார்க்கன் தீவு மரவீடுகள்

மார்க்கன் தீவு மரவீடுகள் என்பன, நெதர்லாந்து நாட்டின் வட ஒல்லாந்து மாகாணத்திலுள்ள மார்க்கன் என்னும் மீனவர் ஊரில் காணப்படும் மரபுவழி வாழிடக் கட்டிடங்கள் ஆகும். செயற்கையாக உயர்த்தப்பட்ட மண்மேடுகளின் மீதும், மரத்தூண்களின் மீதும் நெருக்கமாக அமைக்கப்பட்ட இவ்வீடுகள், பச்சை அல்லது கறுப்பு நிறப் பலகைச் சுவர்களையும், வெள்ளை விளிம்புகளையும், சிவந்த ஓட்டுக் கூரைகளையும் கொண்டவை. இவற்றின் தோற்றமும் அமைப்பும் பெரும்பாலும் அழகு கருதி உருவானவை அல்ல. அடிக்கடி கடல்நீரால் சூழப்படும் தாழ்வான ஒரு தீவில், பெரிய கரையணைகள் இன்றித் தொடர்ந்து வாழ்வது எப்படி என்ற கேள்விக்கு அவ்வூர் மக்கள் கண்ட விடையே இவ்வீடுகள் எனலாம். 1932 ஆம் ஆண்டில் அக்கடல் அணையிட்டு அடைக்கப்பட்டு ஏரியாக மாறியது. இதனால் வெள்ள அச்சம் பெருமளவு குறைந்தது. மீன்பிடித் தொழிலும் நலிந்தது. ஆனால் வீடுகள் நிலைத்து நின்றன.

அமைவிடமும் பின்னணியும்

மார்க்கன், ஆம்ஸ்டர்டாம் நகருக்கு வடகிழக்கே நேர்கோட்டில் ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவில் அமைந்துள்ளது. இதன் பரப்பளவு 3 சதுர கி.மீட்டருக்கும் குறைவு, மக்கள் தொகை ஏறத்தாழ 1,800. முன்னர் தனி நகராட்சியாக இருந்த இவ்வூர், 1991 ஆம் ஆண்டில் வாட்டர்லாந்து நகராட்சியுடன் இணைக்கப்பட்டது.

தொடக்கத்தில் மார்க்கன் ஒரு தீவாக இருக்கவில்லை. வட ஒல்லாந்தின் சதுப்பு நிலப்பகுதியின் ஒரு பாகமாகவே இது இருந்தது. 13 ஆம் நூற்றாண்டில் ஏற்பட்ட புயல் வெள்ளங்கள் இப்பகுதியின் மென்மையான நிலத்தை அரித்துச் சென்றதால், மார்க்கன் பெருநிலத்திலிருந்து பிரிந்தது. 1287 டிசம்பர் 14 அன்று ஏற்பட்ட பெருவெள்ளம் உட்பட இந்நூற்றாண்டின் வெள்ளங்களால் வடகடலின் நீர் உள்நாட்டினுள் மேலும் பரவி, "சைடர் சே" என்னும் உள்கடல் விரிவடைந்தது. டச்சு மொழியில் இப்பெயருக்குத் "தென் கடல்" என்பது பொருள். இக்கடல் ஆழம் குறைந்தது. இவ்வாறான நீர்நிலைகளில் காற்று வலுவாக வீசும்போது அலைகள் குறுகியனவாகவும் செங்குத்தாகவும் எழும். காற்று வீசும் திசையிலுள்ள கரையில் நீர்மட்டமும் விரைவாக உயரும்.

மார்க்கனில் முதலில் கரைகளை அமைத்து நிலத்தைப் பயன்படுத்தியவர்கள் பிரீசியாவிலிருந்த மரியன்கார்டு மடத்தைச் சேர்ந்த துறவிகள் ஆவர். 14 ஆம் நூற்றாண்டில் அவர்களின் ஆளுகை முடிவுக்கு வந்தது. எதிர்க்கரையிலுள்ள மொனிக்கண்டாம் நகரின் பெயர் "துறவிகளின் அணை" எனப் பொருள்படுவது குறிப்பிடத்தக்கது.

தீவின் மண் சதுப்புத் தாவரங்கள் மக்கி உருவான புற்கரி மண்ணும் களியும் சேர்ந்தது. இது பாரம் தாங்கும் ஆற்றல் குறைந்தது. நீர் வடிந்தால் சுருங்கித் தாழக்கூடியது. கட்டிடங்களுக்கு வேண்டிய மரமோ கல்லோ தீவில் கிடைக்கவில்லை. இவ்விரு நிலைமைகளும் வீடுகளின் அமைப்பைப் பெரிதும் தீர்மானித்தன.

மண்மேடுகள்

தீவைச் சுற்றி ஒரு கரை இருந்ததாயினும் அது மிகத் தாழ்வானது. கோடைக்காலத்தில் புல்வெளிகளைப் பாதுகாக்க அது போதுமானதாக இருந்தது. குளிர்காலப் புயல்களின்போது நீர் கரையைத் தாண்டிப் புல்வெளிகளை மூடுவது வழக்கம். உயரமான கரையணையைக் கட்டிப் பேணுவதற்குரிய பொருள்வளம் சிறியதொரு தீவு மக்களிடம் இருக்கவில்லை. எனவே, முழு நிலத்தையும் காப்பதற்குப் பதிலாக, வீடுகள் நிற்கும் இடங்களை மட்டும் உயர்த்தும் முறையை அவர்கள் கைக்கொண்டனர்.

இவ்வாறு உயர்த்தப்பட்ட மண்மேடு உள்ளூரில் "வெர்ஃப்" எனப்படுகின்றது. களிமண், புற்கட்டிகள் முதலியவற்றை அடுக்கடுக்காக இட்டு இம்மேடுகள் உருவாக்கப்பட்டன. மண் தாழ்ந்துபோகும் போதும், நீர்மட்டம் உயரும் போதும் புதிய அடுக்குகள் சேர்க்கப்பட்டன. ஆகவே ஒரு மேடு என்பது ஒரே காலத்தில் கட்டி முடிக்கப்பட்டது அன்று. பல தலைமுறைகளின் உழைப்பால் வளர்ந்தது ஆகும். கரையரிப்பினால் சில மேடுகள் கடலுள் மறைந்தன.

இன்றுள்ள குடியிருப்புகளுள் பின்வருவன குறிப்பிடத்தக்கவை:

- கெர்க்பூர்ட்: "தேவாலயக் குடியிருப்பு" எனப் பொருள்படும். ஊரின் தேவாலயம் இங்கு உள்ளது.
- ஹாவன்பூர்ட்: "துறைமுகக் குடியிருப்பு" எனப் பொருள்படும். துறைமுகத்தைச் சூழ அமைந்தது.
- குரோட்டவெர்ஃப்: "பெரிய மேடு" எனப் பொருள்படும்.
- விட்டவெர்ஃப்: "வெள்ளை மேடு" எனப் பொருள்படும்.
- ரோசவெர்ஃப், மூனிஸ்வெர்ஃப் முதலிய பிற மேடுகள்.

மேடுகளுக்கு இடையிலான தாழ்ந்த நிலம் புல்வெளியாக விடப்பட்டது. அங்கு விளைந்த புல் வைக்கோலாக உலர்த்தப்பட்டு வெளியூர்களுக்கு விற்கப்பட்டது. மீன்பிடித் தொழில் முதன்மை பெறுவதற்கு முன்னர் இதுவே தீவின் முக்கிய வருவாய்களுள் ஒன்றாக விளங்கியது. வெள்ளக் காலத்தில் ஒவ்வொரு மேடும் தனித்தனித் தீவாக மாறியது. ஒரு மேட்டிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லப் படகே துணையாயிற்று.

மேட்டின் உச்சிப் பரப்பு குறைவு என்பதால், அதன் மீது அமைந்த வீடுகள் சிறியனவாகவும் மிக நெருக்கமாகவும் உள்ளன. பல இடங்களில் இரு வீடுகளுக்கு இடையிலான சந்து ஒருவர் மட்டும் நடக்கக்கூடிய அகலம் கொண்டது. முற்றம், தோட்டம் என்பவற்றுக்கு இடமில்லை. வீடுகள் நேரான தெருக்களை ஒட்டி அமையாமல், கிடைத்த இடத்துக்கு ஏற்பத் திரும்பியும் கோணியும் நிற்பதற்கும் இதுவே காரணம் ஆகும்.

தூண் வீடுகள்

1837 ஆம் ஆண்டில் மார்க்கனில் துறைமுகம் வெட்டப்பட்டது. அதன் பின்னர் மீன்பிடித் தொழில் வளர்ந்தது. மக்கள் தொகையும் பெருகியது. மேடுகளில் புதிய வீடுகளுக்கு இடமில்லாத நிலை உருவானது. புதிதாக ஒரு மேட்டை உருவாக்குவது பெருஞ்செலவும் நீண்ட காலமும் வேண்டும் பணி. எனவே மேடுகளின் ஓரங்களிலும், துறைமுகத்தை அண்டிய தாழ்நிலங்களிலும் மரத்தூண்களை நட்டு, அவற்றின் மேல் தளம் அமைத்து வீடுகள் கட்டப்பட்டன. ஹாவன்பூர்ட்டில் இத்தகைய வீடுகளைப் பெருமளவில் காணலாம்.

இம்முறையின் அடிப்படை, நீரைத் தடுப்பது அன்று, அதற்கு வழிவிடுவது ஆகும். தரையை ஒட்டிய சுவரின் மீது பெருகும் நீர் முழு வலுவுடன் அழுத்தும். அலைகளும் அதன் மீது மோதும். தளத்தின் கீழ்ப்பகுதி திறந்திருந்தால் நீர் தூண்களுக்கு இடையே புகுந்து செல்லும். வீட்டின் மீது செயற்படும் விசை இதனால் குறைகின்றது. வீட்டுக்குள் செல்வதற்கு வெளிப்புறத்தே மரப்படிகள் அமைக்கப்பட்டன. நீர் இல்லாத காலத்தில் தளத்தின் கீழ் உள்ள இடம் வலைகள், பீப்பாய்கள், துடுப்புகள் போன்றவற்றை வைக்கவும், துணி உலர்த்தவும் பயன்பட்டது.

இவ்வமைப்புக்கு ஒரு குறையும் உண்டு. தூண்கள் நீரின் அழுத்தத்தைத் தாங்கினாலும், நீரில் அடித்து வரப்படும் திண்மப் பொருட்களின் மோதலைத் தாங்குவது கடினம். கட்டறுந்த படகுகள், மிதக்கும் மரங்கள், குளிர்காலத்தில் காற்றினால் தள்ளப்படும் பனிக்கட்டிப் பாளங்கள் என்பன பெரும் ஆபத்தாக இருந்தன. ரோசவெர்ஃப் மேட்டின் அருகே கரையோரம் சாய்வாக நடப்பட்டுள்ள மரக் கட்டமைப்புகள், பனிப் பாளங்களை உடைத்து வீடுகளைக் காக்க அமைக்கப்பட்டவை ஆகும்.

கட்டுமானப் பொருட்களும் முறையும்

நெதர்லாந்து நகரங்கள் பலவற்றில் மரவீடுகள் மறைந்து செங்கல் வீடுகள் பரவுவதற்குத் தீ முக்கிய காரணமாயிற்று. ஆம்ஸ்டர்டாமில் 1452 ஆம் ஆண்டு ஏற்பட்ட பெருந்தீயில் நகரின் பெரும்பகுதி அழிந்தது. 1521 ஆம் ஆண்டில் அங்கு மரச்சுவர்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. ஆனால் அந்நகருக்கு வடக்கேயுள்ள வாட்டர்லாந்து, சான் ஆற்றுப் பகுதி ஆகிய இடங்களில் மரக்கட்டுமானம் நீண்டகாலம் தொடர்ந்தது. மென்மையான நிலத்தில் செங்கற் சுவரின் பாரம் வீட்டை அமிழச் செய்யும். ஆழமான அடித்தளம் அமைக்கும் செலவு எளிய மக்களால் இயலாதது. மரவீடு எடை குறைந்தது. நிலம் சமமின்றித் தாழ்ந்தாலும் மரச்சட்டகம் ஓரளவு வளைந்து கொடுக்கும். செங்கற் சுவரோ வெடிக்கும்.

காற்றாலையால் இயங்கும் மர அறுவை ஆலையை ஊட்கீஸ்ட் என்னும் ஊரைச் சேர்ந்த கொர்னேலிஸ் கொர்னேலிசோன் 16 ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கினார். அதைத் தொடர்ந்து சான் ஆற்றுப் பகுதி ஐரோப்பாவின் முக்கிய மர அறுவை மையமாக வளர்ந்தது. இசுக்கண்டினாவியாவிலிருந்தும் பால்டிக் கடற்கரைகளிலிருந்தும் வந்த மரங்கள் அங்கு பலகைகளாக அறுக்கப்பட்டன. இதனால் வட ஒல்லாந்தின் மரமற்ற ஊர்களுக்கும் பலகைகள் கிடைக்கும் நிலை உருவானது.

மார்க்கன் வீட்டின் முக்கிய உறுப்புகள் வருமாறு:

சட்டகம்: நிலைத்தூண்களும் அவற்றை இணைக்கும் குறுக்கு உத்தரங்களும் கொண்ட மரச்சட்டகமே கூரையைத் தாங்குகின்றது. சுவர்ப் பலகைகள் சட்டகத்தை மூடும் போர்வை மட்டுமே. ஆகையால் பழுதடைந்த பலகையைத் தனியாகக் கழற்றி மாற்ற முடியும். தேவைப்பட்டால் முழு வீட்டையும் பிரித்து வேறிடத்தில் மீண்டும் பொருத்துவதும் இயலும்.

சுவர்: பலகைகள் ஒன்றன் விளிம்பின் மேல் மற்றது படியுமாறு ஆணியடிக்கப்பட்டன. மழைநீர் உள்ளே புகாமல் வழிந்தோட இது உதவுகின்றது. படகுகளின் பக்கப் பலகைகளிலும் இதையொத்த முறை கையாளப்படுவது உண்டு.

நிறம்: பழைய வீடுகளின் வெளிச்சுவர்களுக்குக் கீல் பூசப்பட்டது. படகுகளைப் போலவே வீடுகளையும் ஈரத்திலிருந்து காக்க இது பயன்பட்டதால், அக்கால வீடுகள் கறுப்பாகத் தோற்றமளித்தன. பின்னர் பச்சை நிற வண்ணப்பூச்சு பரவியது. சாளரச் சட்டங்களும் கூரையின் விளிம்புப் பலகைகளும் வெள்ளை நிறம் பெற்றன. இன்று மார்க்கனின் அடையாளமாகக் கருதப்படும் பச்சை வெள்ளைத் தோற்றம், கறுப்புத் தோற்றத்துக்குப் பின்னர் வந்தது என்பது கவனிக்கத்தக்கது.

கூரை: இருபுறமும் செங்குத்தாகச் சரியும் கூரையே பொதுவானது. இதன் மேல் வளைவான சிவப்பு அல்லது கருநிற ஓடுகள் வேயப்பட்டுள்ளன. கூரையின் இரு முனைகளிலும் உள்ள முக்கோணச் சுவர்கள் பலகையால் ஆனவை. கூரைக்குள் அமைந்த பரண், வீட்டின் மிகவும் பயனுள்ள பகுதிகளுள் ஒன்று. வெள்ளத்தின்போது பொருட்களும், சில வேளைகளில் மக்களும் பாதுகாப்புத் தேடும் இடமாகவும் அது இருந்தது.

புகை வீடுகள்

மார்க்கனின் பழமையான வீட்டு வகை "ரோக்ஹாய்ஸ்" எனப்படும் புகை வீடு ஆகும். இவ்வகை வீடுகளுக்குப் புகைபோக்கி கிடையாது. வீட்டினுள் தரையில் அமைந்த திறந்த அடுப்பில் தீ எரிக்கப்பட்டது. புகை மேலெழுந்து, பரணின் ஊடாகச் சென்று, கூரையில் உள்ள ஒரு திறப்பின் வழியாக வெளியேறியது. அத்திறப்பை மூடவும் திறக்கவும் கதவு போன்ற ஒரு பலகை இருந்தது.

புகை முழுவதும் வீணாகவில்லை. பரணில் தொங்கவிடப்பட்ட மீன்கள் புகையில் பதமாயின. அங்கு வைக்கப்பட்ட வலைகள் உலர்ந்தன. உத்தரங்களிலும் கூரை மரங்களிலும் படிந்த கரி, பூச்சிகளும் பூஞ்சைகளும் மரத்தைத் தாக்காமல் ஓரளவு காத்தது. மறுபுறம், தீப்பொறிகள் பரவும் ஆபத்து எப்போதும் இருந்தது. புகை நிறைந்த அறையில் வாழ்வது கண்களுக்கும் மூச்சுக்கும் துன்பம் தருவதாகவும் இருந்திருக்கும். செங்கல்லால் ஆன புகைபோக்கிகள் பரவியபின் இவ்வகை வீடுகள் பெரும்பாலும் மாற்றியமைக்கப்பட்டன.

பருத்தி வலைகள் விரைவில் உக்கிப்போகாமல் இருக்க, சைடர் சே மீனவர்கள் அவற்றைத் துவர்ச் சாயத்தில் ஊறவைப்பது வழக்கம். 19 ஆம் நூற்றாண்டில் இதற்குப் பரவலாகப் பயன்பட்ட பொருள், தெற்காசியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் ஏற்றுமதியான காசுக்கட்டி ஆகும். தமிழர் வெற்றிலையுடன் சேர்த்து மெல்லும் அதே காசுக்கட்டியே நெதர்லாந்து மீனவரின் வலைகளுக்கும் பாய்களுக்கும் செம்பழுப்பு நிறத்தைத் தந்தது.

கெர்க்பூர்ட்டில் உள்ள மார்க்கர் அருங்காட்சியகம், முன்னர் புகை வீடுகளாக இருந்த ஆறு சிறு வீடுகளை இணைத்து அமைக்கப்பட்டது. சைடர் சே அடைக்கப்பட்ட 1932 ஆம் ஆண்டு வரையான காலத்து மீனவர் குடும்ப வாழ்க்கை அங்கு ஒரு வீட்டில் காட்டப்பட்டுள்ளது.

உள்ளமைப்பு

வெளித்தோற்றத்தில் எளிமையான மார்க்கன் வீட்டின் உட்புறம் மிகுந்த அலங்காரம் கொண்டது. பெரும்பாலான வீடுகளில் ஒரேயொரு முதன்மை அறையே இருந்தது. சமையல், உணவு, உறக்கம், கைவேலை அனைத்தும் அவ்வறையிலேயே நடைபெற்றன. எனவே ஒவ்வொரு பொருளுக்கும் உரிய இடம் கப்பலின் அறையில் உள்ளதுபோல் வரையறுக்கப்பட்டிருந்தது.

அறையின் சுவரோரம் "பெட்ஸ்டே" எனப்படும் அலமாரிக் கட்டில்கள் அமைந்திருந்தன. இவை சுவருக்குள் பதிக்கப்பட்ட படுக்கைகள். முன்புறம் கதவு அல்லது திரைச்சீலை கொண்டவை. குளிரைத் தடுப்பதோடு, பகல் வேளையில் மூடிவிட்டால் அறையின் இடமும் மிஞ்சும். படுக்கையின் கால்மாட்டில் கைக்குழந்தைக்கெனச் சிறு தட்டு அமைப்பதும், கீழேயுள்ள இடத்தை இழுப்பறையாகப் பயன்படுத்துவதும் நெதர்லாந்தில் பரவலாக இருந்த வழக்கங்கள் ஆகும்.

இவற்றுள் ஒரு கட்டில் உறங்குவதற்கு அன்றிக் காட்சிக்கென ஒதுக்கப்பட்டது. இதில் பூவேலை செய்த உறைகள் கொண்ட தலையணைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. உறைகளும் விரிப்புகளும் அவ்வீட்டுப் பெண்களின் கைவேலை. தாயிடமிருந்து மகளுக்கு வழிவழியாகச் சென்றவை. இடம் மிகக் குறைந்த ஒரு வீட்டில், எவரும் உறங்காத ஒரு படுக்கைக்கு இடம் ஒதுக்கப்பட்டமை, குடும்ப மதிப்பின் அடையாளமாக அது கருதப்பட்டதைக் காட்டுகின்றது.

வண்ணம் பூசிய பலகைச் சுவர்களில் தட்டுகள் வரிசையாக மாட்டப்பட்டன. டெல்ஃப்ட் நகரின் நீல வெள்ளை மட்பாண்டங்களும், கடல்வழி வணிகத்தால் கிழக்காசியாவிலிருந்து வந்த பீங்கான்களும் இவற்றுள் அடங்கும். ஓவியம் தீட்டிய மரப்பெட்டிகள், செதுக்கு வேலைப்பாடு கொண்ட சிறு மரச்சாமான்கள், சுவர்க் கடிகாரம், பித்தளைப் பாத்திரங்கள் என்பனவும் வழக்கமான பொருட்கள் ஆகும். மரக்காலணிகளை வாயிலில் கழற்றிவிட்டே உள்ளே செல்வர்.

மார்க்கன் மீனவர்கள் பொதுவாகத் திங்கட்கிழமை கடலுக்குச் சென்று சனிக்கிழமை திரும்பினர். ஞாயிறு ஓய்வுக்கும் வழிபாட்டுக்கும் உரிய நாள். எனவே வாரத்தின் பெரும்பகுதியில் வீடு பெண்கள், சிறுவர், முதியோர் ஆகியோரின் பொறுப்பில் இருந்தது. வீட்டின் தூய்மை, அலங்காரம், வெள்ளக் காலத்தில் பொருட்களைப் பரணுக்கு ஏற்றுவது ஆகிய அனைத்தும் பெரும்பாலும் பெண்களின் பணியாகவே அமைந்தன.

1916 ஆம் ஆண்டு வெள்ளம்

1916 ஜனவரி 13 இரவும் 14 ஆம் நாளும் வடமேற்கிலிருந்து வீசிய கடும்புயலால் சைடர் சேயின் நீர்மட்டம் உயர்ந்து, பல இடங்களில் கரையணைகள் உடைந்தன. தாழ்வான கரையைக் கொண்ட மார்க்கன் பெரும் பாதிப்புக்கு உள்ளானது. இத்தீவில் 16 பேர் உயிரிழந்தனர். வீடுகள் பல இடிந்தன. சில அடித்துச் செல்லப்பட்டன. துறைமுகத்திலிருந்த படகுகள் வீடுகளின்மீது மோதிச் சேதம் விளைவித்தன.

மேடும் தூணும் சாதாரண குளிர்கால வெள்ளங்களுக்குப் போதுமானவையாக இருந்தன. ஆனால் மிக உயர்ந்த நீர்மட்டமும் பெரும் அலைகளும் ஒருசேர வரும் வேளையில் அவற்றுக்கு எல்லை உண்டு என்பதை இந்நிகழ்வு காட்டியது. சைடர் சேயை அணையிட்டு மூடுவதற்கான பொறியியலாளர் கொர்னேலிஸ் லேலியின் திட்டம் ஏற்கெனவே உருவாகியிருந்தது. இவ்வெள்ளமும், முதல் உலகப்போர்க் காலத்தின் உணவுத் தட்டுப்பாடும் அத்திட்டத்துக்கு ஆதரவைத் திரட்டின. 1918 ஆம் ஆண்டு சைடர் சே சட்டம் நிறைவேற்றப்பட்டது.

கடல் ஏரியான பின்னர்

வட ஒல்லாந்தையும் பிரீசுலாந்தையும் இணைக்கும் ஏறத்தாழ 32 கி.மீ. நீளமான "அஃப்ஸ்லாய்ட்டைக்" என்னும் அடைப்பு அணை 1932 மே 28 அன்று மூடப்பட்டது. உள்கடல் ஐசல் ஏரியாக மாறியது. ஆறுகள் கொண்டுவந்த நீரால் உப்புத்தன்மை சில ஆண்டுகளில் நீங்கியது. கடலிலிருந்து வந்த ஹெரிங், நெத்தலி வகை மீன்கள் இல்லாமற் போயின. விலாங்கு போன்ற சில மீன்களே எஞ்சின. பாதிக்கப்பட்ட மீனவர்களுக்கு உதவ 1925 ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டிருந்தது. எனினும், ஊரின் வாழ்வாதாரமாக விளங்கிய தொழில் மீளவில்லை. வீட்டைக் காத்த அணையே, அவ்வீட்டைப் பேணுவதற்கு வேண்டிய வருவாயையும் நிறுத்தியது.

இம்மாற்றம் வீடுகளின் அமைப்பிலும் பதிவானது. நீர் தூண்களுக்கிடையே புகும் நிலை நீங்கியதால், தளத்தின் கீழ் இருந்த திறந்த இடத்தைச் சுற்றிப் பலகைகளாலோ செங்கல்லாலோ சுவர் எழுப்பப்பட்டது. முதலில் பொருட்களைச் சேமிக்கவும், பின்னர் சமையலறை, வசிக்கும் அறை எனவும் இவ்விடம் பயன்படலாயிற்று. இன்று இரண்டு மாடி வீடுகள்போல் தோன்றும் பல கட்டிடங்களின் கீழ்மாடி, ஒரு காலத்தில் வெள்ளத்துக்கென விடப்பட்ட வெற்றிடம் ஆகும். வீட்டின் முதன்மை வாயில் தரையிலிருந்து உயரத்தில், படிகளின் மேல் அமைந்திருப்பதைக் கொண்டு இதை அறியலாம்.

1957 ஆம் ஆண்டில் மார்க்கனைப் பெருநிலத்துடன் இணைக்கும் கரையணை நிறைவுற்றது. இதனால் மார்க்கன் தீவு என்னும் நிலையை இழந்து, தீபகற்பம் போன்றதாயிற்று. இவ்வணை, மார்க்கனைச் சூழவுள்ள ஏரியின் பெரும்பகுதியை நிலமாக மீட்கும் மார்க்கர்வார்டு திட்டத்துடன் தொடர்புடையது. அத்திட்டம் பின்னர் கைவிடப்பட்டது. எனவே மார்க்கனைச் சுற்றி இன்றும் நீரே உள்ளது. அது மார்க்கர் ஏரி எனப்படுகின்றது. சாலைத் தொடர்பு ஏற்பட்டபின், ஊரில் வசித்துக்கொண்டே ஆம்ஸ்டர்டாம் முதலிய இடங்களில் பணிபுரிவது இயல்பாயிற்று.

சுற்றுலாவும் காட்சி வீடுகளும்

பிரெஞ்சு எழுத்தாளர் ஆன்றி அவார், சைடர் சேயின் "இறந்த நகரங்கள்" பற்றிய தமது பயண நூலை 1874 ஆம் ஆண்டு வெளியிட்டார். அக்காலம் முதல் வெளிநாட்டு ஓவியர்களும் பயணிகளும் இப்பகுதிக்கு மிகுதியாக வரத் தொடங்கினர். மார்க்கனின் உடையும் வீடுகளும் காலத்தால் மாறாதவை என்ற எண்ணம் இவர்களின் எழுத்துகளாலும் படங்களாலும் பரவியது. சிலர் தங்கள் வீடுகளைப் பயணிகளுக்குக் காட்டி வருவாய் ஈட்டினர். இவர்களுள் சைட்ஜ பூஸ் என்னும் பெண்மணி மிகவும் அறியப்பட்டவர். அவரது பெயரில் அமைந்த காட்சி வீடும் கடையும் துறைமுகத்தருகே பயணிகளைக் கவர்ந்தன.

சுற்றுலா, மரபுப் பொருட்கள் அழியாமல் இருக்க உதவியது. அதே வேளை, குடும்பத்தின் அந்தரங்க இடமான உறங்கும் அறை அயலார் பார்வைக்குரிய பொருளாக மாறியது. காட்சி வீடுகளில் அலங்காரங்கள் ஒரே இடத்தில் செறிவாக வைக்கப்பட்டமையால், எல்லா மீனவர் வீடுகளும் எக்காலமும் அவ்வாறே இருந்தன என்ற தவறான எண்ணமும் உண்டாயிற்று. புகைபோக்கி, கண்ணாடிச் சாளரம், பச்சை வண்ணம், மூடப்பட்ட கீழ்த்தளம் என ஒவ்வொரு காலத்திலும் இவ்வீடுகள் மாறியே வந்துள்ளன.

அயல் தீவுகளுடன் ஒப்பீடு

சைடர் சேயின் மற்றொரு தீவான ஸ்கொக்லாந்திலும் மக்கள் மேடுகளில் மரவீடுகளில் வாழ்ந்தனர். ஆனால் கரையரிப்பும் வறுமையும் மிகுந்ததால், 1859 ஆம் ஆண்டில் அரசு ஆணைப்படி மக்கள் அத்தீவை விட்டு வெளியேற்றப்பட்டனர். அவர்களின் வீடுகள் பெரும்பாலும் பிரித்து அகற்றப்பட்டன. பின்னர் நிலமீட்பினால் வயல்களுக்கு நடுவே அமைந்துவிட்ட ஸ்கொக்லாந்து, 1995 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. உர்க் தீவு 1939 ஆம் ஆண்டில் அணையினால் பெருநிலத்துடன் இணைந்தது. அவ்வூரின் இயற்கையான மேட்டுநிலம் மார்க்கனைப் போன்ற செயற்கை மேடுகளுக்கான தேவையைக் குறைத்தது. உர்க் மீனவர்கள் வடகடலுக்குச் சென்று தொழிலைத் தொடர்ந்தனர். இம்மூன்றனுள், தொழிலை இழந்தும் மக்கள் தங்கள் பழைய வீடுகளிலேயே தொடர்ந்து வாழும் ஊர் என்ற வகையில் மார்க்கன் வேறுபடுகின்றது.

பாதுகாப்பும் இன்றைய நிலையும்

மார்க்கன், நெதர்லாந்துச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாக்கப்பட்ட ஊர்த்தோற்றம் என்ற தகுதி பெற்றது. தனித்தனியாகப் பல வீடுகள் தேசிய நினைவுச்சின்னங்களாகப் பதிவு செய்யப்பட்டுள்ளன. இதனால் வெளிச்சுவர், கூரை, சாளரம் முதலியவற்றில் மாற்றம் செய்ய ஒப்புதல் வேண்டும். மேடுகளும் அவற்றுக்கு இடையிலான வெற்றுப் புல்வெளிகளும் இவ்வூர்த்தோற்றத்தின் பிரிக்க முடியாத பகுதிகள் ஆகும். புல்வெளிகளில் புதிய கட்டிடங்கள் நிறைந்தால், மேடுகள் ஏன் உருவாயின என்பதே விளங்காமற் போய்விடும்.

மரவீட்டைப் பேணுவது தொடர்ச்சியான பணி. பலகைகளுக்கு உரிய காலத்தில் வண்ணம் பூச வேண்டும். ஈரத்தில் உக்கிய தூண்களையும் அடிச்சட்டங்களையும் மாற்ற வேண்டும். நீர்க்குழாய், குளியலறை, வெப்பக் காப்பு போன்ற இக்கால வசதிகளைச் சிறிய இடத்துக்குள், வெளித்தோற்றம் மாறாமல் அமைப்பதும் எளிதன்று.

சைடர் சே பகுதியின் கட்டிடங்களைப் பாதுகாக்கும் நோக்குடன் எங்க்ஹாய்சன் நகரில் 1983 ஆம் ஆண்டில் சைடர் சே திறந்தவெளி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பல ஊர்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட வீடுகளும் பட்டறைகளும் அங்கு உள்ளன. மார்க்கனில் உள்ள வீடுகளோ தாம் கட்டப்பட்ட இடத்திலேயே நிற்கின்றன. அவற்றுள் மக்களும் குடியிருக்கின்றனர்.

ஏரியாக மாறிய பின்னரும் நீரின் அச்சுறுத்தல் முற்றாக நீங்கிவிடவில்லை. புற்கரி நிலம் தொடர்ந்து தாழ்ந்து வருகின்றது. புயற்காற்று ஏரி நீரையும் கரையை நோக்கித் தள்ளக்கூடியது. எனவே ஊரைச் சுற்றியுள்ள கரையை வலுப்படுத்தும் தேவை 21 ஆம் நூற்றாண்டிலும் தொடர்கின்றது. முன்னர் ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டின் தளத்தை உயர்த்தித் தேடிக்கொண்ட பாதுகாப்பை, இன்று ஊர் முழுவதற்கும் பொதுவான கரையணை வழங்குகின்றது. கரையணை உயர்த்தப்படும்போது நீரையும் வீட்டையும் இணைத்த பழைய காட்சி மறையாமல் பார்த்துக்கொள்வதும் இப்பணிகளில் கருத்திற் கொள்ளப்பட வேண்டியதாக உள்ளது.